அன்புத் தளை: இரட்சணிய யாத்திரிகம் காட்டும் இறையன்பு

தமிழுக்குக் கிறித்தவர் ஆற்றிய தொண்டு என்னும் தலைப்பில் ஒரு கட்டுரையேனும் எழுதாத தமிழ் மாணவர் நம் நாட்டில் அரியர். அச்சுப்பொறி வந்தது, அகராதி தோன்றியது, உரைநடை வளர்ந்தது, எகர ஒகர வரிவடிவங்கள் திருத்தம் பெற்றன என்று வரிசைப்படுத்தி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோர் பெயர்களையும் சேர்த்துவிட்டால் அக்கட்டுரை நிறைவு பெற்றுவிடுகிறது. நல்ல புள்ளியும் கிடைத்துவிடுகிறது. ஆயினும் அப்பெருமக்கள் எதனைச் சொல்வதற்காகத் தமிழைக் கற்றனர் என்னும் வினா மட்டும் வகுப்பறையில் எழுவதில்லை. கருவியைப் போற்றுகிறோம், கருவியால் செய்யப்பட்ட பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. சமய நூல் என்னும் தயக்கம் ஆசிரியர்க்கு. தேர்வில் வராது என்னும் துணிவு மாணவர்க்கு. இவ்விரண்டிற்கும் இடையில் தமிழின் ஒரு கிளை இலக்கியம் படிக்கப்படாமலே பாராட்டப்பட்டு வருகிறது.

கிறித்தவர் தமிழில் சொல்ல விரும்பியது யாது? கடவுள் மனிதனை நேசிக்கிறார் என்பதே அது. மனிதன் தகுதி பெற்ற பின்னர் நேசிக்கிறார் என்பதன்று. தகுதியற்றவனாய், பகைவனாய் நின்ற காலத்திலேயே நேசித்தார் என்பது கிறித்தவ நெறியின் நடுக்கருத்து. யோவான் எழுதிய நற்செய்தியும், அவர் பெயரால் வழங்கும் முதல் திருமுகமும், பவுலடியார் உரோமர்க்கு எழுதிய திருமுகமும் இக்கருத்தையே பல முகமாக எடுத்துரைக்கின்றன. இக்கருத்து தமிழ்க் கவிதையாக மலர்ந்ததா, அல்லது செய்யுள் உடுத்த போதனையாக நின்றுவிட்டதா என்பதே இக்கட்டுரையின் வினா. எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தை முதன்மையாகக் கொண்டு அதற்கு விடை காண முயல்வோம்.

சொல்லும் பொருளும்

நூலுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லை நோக்குதல் வேண்டும். விவிலியத்தைத் தமிழாக்கியோர், கிரேக்க மூலத்தில் 'அகாப்பே' என நின்ற சொல்லுக்கு 'அன்பு' என்பதையே பெரிதும் தேர்ந்தனர். காதல், நேசம், பாசம், பரிவு, கருணை எனச் சொற்கள் பல இருந்தும் அன்பு நிலைபெற்றது தற்செயலன்று. அன்புக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அன்புள்ளவர் தம் உடம்பையும் பிறர்க்கென வைத்திருப்பர் என்னும் கருத்து அங்கே உண்டு. அன்பும் சிவமும் வேறல்ல என்று உணர்தலே அறிவு எனத் திருமூலர் கண்டார். ஆகவே, விவிலியத்தின் செய்தி தமிழகத்திற்கு வந்தபோது அதனை வரவேற்கத் தமிழ் ஓர் இருக்கையை முன்னரே இட்டு வைத்திருந்தது எனலாம்.

தமிழ் விவிலியத்தில் பயிலும் 'அன்புகூர்தல்' என்னும் வினையும் எண்ணத்தக்கது. கூர்தல் என்பது மிகுதல். கூர்ப்பு என்னும் சொல் உள்ளது சிறத்தலை உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல் காட்டும் பொருள். எனவே அன்புகூர்தல் என்றால் புதிதாக அன்பு கொள்ளுதல் என்பதனினும், முன்பே உள்ள அன்பு பெருகி வெளிப்படுதல் என்று கொள்வது பொருந்தும். கடவுளின் அன்பு மனிதனின் செயலால் தொடங்குவதன்று என்னும் கோட்பாட்டை இந்த ஒரு வினைச்சொல் தாங்கி நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணித் தேர்ந்தனரா என்பது வேறு. சொல் தன் பணியைச் செய்கிறது.

நூலும் ஆசிரியரும்

கிருட்டிணப் பிள்ளை 1827ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடியில் தோன்றினார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆழ்வார் பாசுரங்களும் கம்பன் கவியும் வீட்டு மொழியாகக் கேட்டு வளர்ந்த அவர், சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராய் அமர்ந்தார். 1858ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. 1900ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தமிழ்கூறு நல்லுலகம் அவரைக் கிறித்தவக் கம்பர் என்று அழைக்கிறது.

ஆங்கில நாட்டில் ஜான் பனியன் என்பார் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட உருவக உரைநடை நூலே இக்காப்பியத்தின் வழி. பாவச் சுமையை முதுகில் தாங்கிய ஒருவன் தன் ஊரை விட்டுப் புறப்பட்டு, இடர்கள் பல கடந்து, வான நகரை அடைவதாகிய கதை அது. பனியன் பாத்திரம் பழுது பார்க்கும் தொழிலாளியாக வாழ்ந்தவர். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காகச் சிறையில் கிடந்தவர். எளிய உழைப்பாளி ஒருவர் எளிய மக்களுக்கு எழுதிய அந்நூலைக் கிருட்டிணப் பிள்ளை ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள் கொண்ட தமிழ்ப் பெருங்காப்பியமாக ஆக்கினார். செய்யுள்கள் மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்டவை. இடையிடையே இறைவனை நோக்கிய பதிகங்களையும் அமைத்து அவற்றிற்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான ஒரு புலவர், சைவர் போற்றும் பெயரைத் தம் பாடலுக்கு இட்டார் என்பது, தமிழின் பக்தி மரபு எவ்வளவு பொதுவான உடைமை என்பதற்குச் சான்றாகும்.

மூல நூலைக் கடந்த இடம்

ஒரு வழிநூலாசிரியனை அளக்க வேண்டுமாயின், அவன் மூலத்தோடு ஒட்டி நிற்கும் இடங்களைக் காட்டிலும் அதனை விட்டு விலகும் இடங்களையே நோக்குதல் வேண்டும். பனியனின் நூலில் பயணி சிலுவை நிற்கும் மேட்டை அடைகிறான். அதனைக் கண்ட அளவில் அவன் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறையில் வீழ்ந்து மறைகிறது. சில பத்திகளில் அந்நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. பனியனுடைய வாசகர்கள் சிலுவைக் கதையைத் தொட்டிலிலேயே கேட்டவர்கள். அவர்களுக்குக் குறிப்பே போதுமானது.

கிருட்டிணப் பிள்ளைக்கு அது போதவில்லை. குமார பருவத்தில் இயேசு பெருமானின் பாடுகளை விரிந்த சரிதமாக அவர் பாடுகிறார். இதனைச் சேர்த்ததற்குக் காரணம் தமிழ் வாசகர் அக்கதையை அறியாதவர் என்பது மட்டுமன்று. சுமை நீங்கிற்று என்று சொல்வது ஒரு செய்தி. யாருடைய எந்த அன்பினால் நீங்கிற்று என்று காட்டுவது கவிதை. பயணியை நடுவில் வைத்த கதை, அந்த இடத்தில் கடவுளை நடுவில் வைத்த கதையாக மாறுகிறது. காப்பியத்தின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து.

மூன்று கட்டுகள்

பாடுகளின் தொடக்கத்தில் வருவது கட்டப்படும் காட்சி. பகைவர் இயேசுவைக் கயிற்றால் பிணிக்கின்றனர். அவர் உடன்பட்டு நிற்கிறார். ஆற்றல் இல்லாமையால் நிற்கவில்லை. தமக்குத் தீங்கு செய்வோரையே அவர்களுக்கு வரவிருக்கும் பெருங்கேட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்னும் அன்பு அவரை முன்னமே கட்டிவிட்டது. அந்தக் கட்டிலிருந்து அவரால் விடுபட இயலவில்லை. ஆதலால் இந்தக் கயிற்றுக்கும் இசைந்தார் என்று புலவர் காரணம் காட்டுகிறார். நற்செய்தி நூல்கள் கட்டினார்கள் என்று மட்டும் கூறிச் செல்கின்றன. கட்டப்பட்டதற்குள் இன்னொரு கட்டினைக் கண்டது தமிழ்ப் புலவரின் கண்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது? வைணவச் சூழலில் வளர்ந்தவர்க்கு இறைவன் கட்டுண்டு நிற்கும் காட்சி புதிதன்று. வெண்ணெய் களவு செய்த கண்ணனை யசோதை கயிற்றால் உரலோடு கட்டினாள். உலகை அளந்தவன் ஒரு சிறு தாம்புக்குள் அடங்கினான். மதுரகவியாழ்வாரின் பதினொரு பாசுரங்களுக்குக் கண்ணிநுண் சிறுத்தாம்பு என்றே பெயர். இறைவனின் எளிமையை, அடியார்க்கு வசப்படும் அவனுடைய தன்மையை, வைணவ ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியைக் கொண்டு உருகி உருகி விளக்குவர்.

இரண்டாவது கட்டு கம்பன் காட்டுவது. சுந்தர காண்டத்துப் பாசப் படலத்தில் இந்திரசித்து ஏவிய அயன் படை அனுமனைப் பிணிக்கிறது. அறுக்கும் வலிமை அனுமனுக்கு உண்டு. ஆயினும் அப்படையின் தெய்வத் தன்மையை மதித்தும், இராவணனை நேரில் காண இதுவே வழி என்று எண்ணியும் அவன் அடங்குகிறான். கம்பராமாயணத்தில் தோய்ந்தவரின் மகனுக்கு இப்படலம் நெஞ்சில் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இவ்விரண்டையும் அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் கிருட்டிணப் பிள்ளை செய்தது புலப்படுகிறது. யசோதையின் கயிறு தாயன்பின் கயிறு. கட்டுபவளும் அன்புடையவள், கட்டுண்பவனும் அன்புடையவன். அனுமனைக் கட்டியது பகைவரின் கயிறு. அதற்கு அவன் இசைந்தது வினை முடிக்கும் அறிவினால். கட்டு நீங்கியபின் இலங்கை எரிகிறது. மூன்றாவது கட்டில், கட்டுபவர் பகைவர். இசைபவர் அன்பினால் இசைகிறார். அவ்வன்பும் கட்டுகின்ற அந்தப் பகைவர் மீதே. இதன் முடிவில் எந்த நகரமும் எரியவில்லை. கண்ணன் கதையிலிருந்து கட்டுக்கு இசையும் அன்பையும், அனுமன் கதையிலிருந்து பகைவரின் கயிற்றையும் எடுத்து ஒன்றாக முறுக்கியதுபோல் இக்காட்சி அமைந்துள்ளது. புலவர் இவற்றை நினைந்தே பாடினார் என்று நிறுவ நான் முயலவில்லை. இவ்விரு கதைகளும் ஊறிய காதுகளுக்கு அப்பாடல் இவ்வாறுதான் ஒலிக்கும் என்பதே என் வாதம்.

தமிழில் பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்றும், பற்று என்றும் பொருள். சைவ சித்தாந்தத்திலோ அது உயிர் நீங்க வேண்டிய தளை. உயிரைக் கட்டும் பாசத்தை இறைவன் அறுப்பான் என்று கேட்டுப் பழகிய நமக்கு, உயிர்களின் பொருட்டு இறைவன் ஒரு பாசத்தால் தன்னையே கட்டிக்கொண்டான் என்னும் கருத்து சற்று நின்று எண்ண வைப்பதாகும். கிறித்தவம் தமிழுக்குக் கொணர்ந்த இறையன்பின் தனித்தன்மையை இந்த இடத்தில் நாம் தொடுகிறோம்.

பொறுமையும் ஒரு வினாவும்

அடுத்து வருவன பழியுரைகளும் அடிகளும். முன்பு அணிந்திருந்த ஆடையைக் களைந்து முருக்கமலர் போன்ற செந்நிற ஆடையைப் போர்த்துகின்றனர். முள்முடி சூட்டுகின்றனர், குருதி வழிகிறது, கோலால் தலையில் அடிக்கின்றனர். அவர் மறுமொழி கூறவில்லை. இங்குப் புலவர் தாமே ஓர் அவலக் குரலாக மாறி வினவுகிறார். இக்கொடுமையைக் கண்டும் நிலம் ஏன் வெடிக்கவில்லை? வானம் ஏன் இடிந்து வீழவில்லை? கடல் ஏன் வற்றவில்லை? இறைமகனின் பொறுமைதான் இவற்றையெல்லாம் தடுத்து நிறுத்தியதோ?

நிலம் வெடிக்கவில்லையே என்று ஏங்குவது தமிழ் ஒப்பாரியின் குரல். நம் தோட்டப்புறங்களில் இழவு வீட்டில் மூதாட்டியர் வானத்தையும் பூமியையும் விளித்து அழுததைக் கேட்டவர்கள் இக்குரலை உடனே இனங்கண்டுகொள்வர். ஆனால் ஒப்பாரியில் அவ்வினாவுக்கு விடை இராது. இங்கே விடை உண்டு. துன்பப்படுபவரே உலகம் அழியாமல் காக்கிறார் என்பதே அவ்விடை. அடிபடுபவரின் பொறுமை அடிப்பவரின் காலடி நிலத்தையும் தாங்குகிறது.

கம்பனின் இராமனும் பொறுமைக்கு எடுத்துக்காட்டே. நாடு இழந்து காடு செல்லப் பணித்தபோதும் அவன் முகம் வாடவில்லை. ஆயினும் இராமனின் பொறுமை தன் கடமையில் நிலைத்த மனத்தின் சமநிலை. கிருட்டிணப் பிள்ளையின் இயேசுவுக்கு வேதனை உண்டு, மனம் வருந்துகிறது, உடல் துவள்கிறது. வேதனையை உணராத பொறுமையை அவர் பாடவில்லை. உணர்ந்து, அதனினும் மிகுந்த அன்பினால் அதனைத் தாங்கும் பொறுமையையே பாடுகிறார். கம்பனைப் பின்பற்றிய புலவர் கம்பனின் தலைவனைப் படியெடுக்கவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

அடி யார் முதுகில் விழுந்தது?

இறைவன் அடிபடும் காட்சி தமிழுக்கு முற்றிலும் புதிதன்று என்பதையும் நினைவு கூர்தல் வேண்டும். திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலம் நம் மாணவர் அனைவரும் அறிந்தது. வையையில் வெள்ளம் வந்தது. பிட்டு விற்கும் வந்திக்கு ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தார், வேலையை விளையாட்டாக்கினார், பாண்டியன் பிரம்பால் அடித்தான். கங்காணி முறையில் இந்நாட்டுக்கு வந்த கூலிகளின் வழித்தோன்றல்களாகிய நம் பிள்ளைகளுக்கு, இறைவன் கூலியாளாக வந்து முதுகில் அடிபட்டான் என்னும் கதை நெருக்கமானது. ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் சூழ வளர்ந்த கோப்பெங் போன்ற ஊரில் அதனை விளக்க ஆசிரியர் அரும்பாடு பட வேண்டியதில்லை.

அக்கதையின் உச்சம், அந்த அடி எல்லா உயிர்கள் மீதும் பட்டது என்பதாகும். அடித்த மன்னன் முதுகிலும் பட்டது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதை அது காட்டுகிறது. சிலுவைக் கதையோ எதிர்த் திசையில் செல்கிறது. அங்கே ஒருவர் முதுகில் விழுந்த அடி அனைவர் முதுகிலும் பட்டது. இங்கே அனைவர்க்கும் உரிய அடியை ஒருவர் தம் முதுகில் ஏற்றார் என்று கிறித்தவம் நம்புகிறது. இரண்டும் இறைவனை மனிதனின் வலிக்கு அருகில் கொணர்கின்றன. எது உயர்ந்தது என்று கேட்பது இலக்கிய மாணவனின் வேலையன்று. இரண்டையும் ஒருங்கே வைத்தால்தான் ஒவ்வொன்றின் தனியழகும் துலங்கும் என்பதை உணர்வதே அவன் வேலை.

குறைகள் சில

போற்றுவதோடு நிற்பது திறனாய்வு ஆகாது. இக்காப்பியத்தின் குறைகளையும் எடுத்துரைத்தல் கடமை.

முதலாவது, உருவகத்தின் சுமை. பண்புகளே பெயர்களாகவும், பெயர்களே மாந்தராகவும் நடமாடும் இடங்களில் மனிதர் மறைந்து கருத்து மட்டும் நிற்கிறது. பனியனின் உரைநடையில் அம்மாந்தர் சந்தை மக்களைப் போலப் பேசுவதால் உயிர் பெற்றனர். காப்பிய நடையின் உயரத்தில் அந்தச் சந்தைப் பேச்சு கேட்பதில்லை.

இரண்டாவது, சொல்லாட்சி. நூலின் பெயரே இன்றைய மாணவனைத் தடுத்து நிறுத்துகிறது. இரட்சணியம், கிருபை முதலிய சொற்கள் அக்காலக் கிறித்தவர் நாவில் பழகியவை. பிறர்க்கு அயன்மை உடையவை. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு மீட்பு, அருள் என்னும் சொற்களைக் கையாண்டது காலத்திற்கேற்ற மாற்றம். ஆசிரியர் இச்சொற்களைத் துணையாகக் கொண்டால் தடை பெரிதும் நீங்கும்.

மூன்றாவது குறையே பெரிது. பகைவரையும் நேசித்த ஒருவரைப் பாடும் புலவர், அப்பகைவரைத் தாம் வசைச் சொற்களால் தாக்குகிறார். சிலுவையில் தொங்கியவர் தம்மைக் கொன்றோரை மன்னிக்குமாறு வேண்டினார் என்று லூக்கா எழுதுகிறார். தலைவன் மன்னித்தவரைப் புலவன் மன்னிக்கவில்லை. பாடும் பொருளுக்கும் பாடும் குரலுக்கும் இடையில் இவ்வாறு ஒரு விரிசல் வீழ்கிறது. இது கிருட்டிணப் பிள்ளைக்கு மட்டும் உரிய குறையன்று. சிலுவைக் கதையைச் சொன்ன உலக இலக்கியம் பலவற்றிலும் காணப்படுவது. யூத இனத்தார் முழுவதையும் அக்கொலைக்குப் பொறுப்பாக்கிய பேச்சு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக விளைத்த கேட்டை உலகம் அறியும். 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பழியை அம்மக்கள் அனைவர் மீதும் சுமத்துதல் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தது. அன்பைப் பாடும் கவிதை, அன்பில்லாத சொல்லுக்கு எங்கே இடம் கொடுத்தது என்று காட்டுவதும் வகுப்பறையில் செய்யத்தக்க பணியே.

பிறர் பாடிய இறையன்பு

ஒப்பு நோக்கிற்காகப் பிற நூல்கள் சிலவற்றையும் சுருங்கக் காண்போம். 1726ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றி முடித்த தேம்பாவணி மூன்று காண்டங்களும் 3615 பாடல்களும் உடையது. அதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். அவருக்கு வளன் என்று முனிவர் பெயரிட்டார். சிலுவையைக் காட்டிலும் தொட்டிலும் குடும்பமும் அக்காப்பியத்தில் முதன்மை பெறுகின்றன. கடவுள் ஒரு தச்சனின் கையில் குழந்தையாகத் தம்மை ஒப்படைத்தார் என்பதே அங்கே இறையன்பின் வடிவம். வருணனைச் செல்வம் மிகுந்து சிற்சில இடங்களில் குழந்தையை மறைத்துவிடுகிறது என்பதும் உண்மை. நம் பேராக் மாநிலத்தில், பாகான் செராய் அருகே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தமிழ்க் கத்தோலிக்கர் குடியேறிய ஊருக்குச் சூசைப்பாளையம் என்று பெயர். தேம்பாவணியின் தலைவர் பெயர் நம் மண்ணில் ஓர் ஊராக நிற்பதை எத்தனை ஆசிரியர் மாணவர்க்குச் சொல்கிறோம்?

தஞ்சை வேதநாயக சாத்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் வேறு வழி கண்டார். தலைவனைக் கண்டு காதல் கொள்ளும் தலைவி, குறி சொல்லும் குறத்தி என்னும் நாட்டு நாடக அமைப்பிலே திருச்சபைக்கும் கிறித்துவுக்கும் இடையிலான அன்பைப் பொருத்தினார். அதில் பெரிதும் பேசப்படுவது மனிதனின் ஏக்கம். பத்தொன்பது நூற்றாண்டுகளின் தொலைவைக் கடந்து எளிய தமிழில் அக்கதையைச் சொன்னவர் கண்ணதாசன். கிறித்தவர் அல்லாத அவரது இயேசு காவியம் அவர் மறைந்த பின்னர் 1982ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தெளிவு அதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் கட்டுக்குள் கட்டினைக் கண்ட ஆழத்தைக் கிருட்டிணப் பிள்ளையிடமே நான் காண்கிறேன்.

வகுப்பறை நோக்கில்

கோப்பெங் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்துக்கள், சிலர் கிறித்தவர். பழைய தோட்டங்கள் துண்டுபட்டுச் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. முன்பு ஒரே லயத்தில் மாரியம்மன் திருவிழாவையும் கிறிஸ்துமஸ் பலகாரத்தையும் பகிர்ந்துகொண்ட பழக்கம் இன்று தானாக வாய்ப்பதில்லை. அண்டை வீட்டாரின் நம்பிக்கையை அறியும் வாய்ப்புக் குறையக் குறைய, அதனை அறிவிக்கும் பொறுப்பு இலக்கிய வகுப்பின் மீது விழுகிறது.

இதனைச் சமயப் பரப்புரையாக்காமல் செய்ய வழி உண்டு. ஆசிரியர் முதலில் பாடலைப் பாடலாகப் படித்துக் காட்ட வேண்டும். யசோதையின் கயிறு, அனுமனைக் கட்டிய பாசம், இயேசுவைப் பிணித்த கயிறு ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதி, யார் கட்டினார், ஏன் இசைந்தார், முடிவு யாது என்று மாணவரையே கூறச் செய்யலாம். கிறித்தவ மாணவன் தன் வீட்டில் கேட்டதைப் பெருமையோடு கூறுவான். இந்து மாணவன் தான் அறிந்த கதை இன்னொரு நூலைத் திறக்கும் திறவுகோல் என்று உணர்வான். நம்புவதும் நம்பாதிருப்பதும் அவரவர் வீட்டிற்கும் உள்ளத்திற்கும் உரியன. ஒரு கவிஞன் எதனை நம்பி உருகினான் என்று புரிந்துகொள்வது தமிழ் பயில்வோர் அனைவர்க்கும் உரியது.

இதற்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. அவர் ஜி. யு. போப். கிறித்தவக் குருவாகிய அவர், முதுமைக் காலத்தில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் சமயத்தை விட்டு அவர் சைவராகிவிடவில்லை. ஆயினும் மணிவாசகர் உருகிய உருக்கத்தைத் தம் உள்ளத்தால் தொட்டார். கிருட்டிணப் பிள்ளை கண்மூடிய அதே ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. திருவாசகத்திற்கு ஒரு கிறித்தவர் காட்டிய மதிப்பை இரட்சணிய யாத்திரிகத்திற்கு நாம் காட்டத் தயங்குவோமாயின், குறை அக்காப்பியத்தினுடையதன்று.

முடிவாகச் சொல்லத்தக்கது இது. கடவுள் மனிதனை நேசிக்கிறார் என்னும் செய்தி இரட்சணிய யாத்திரிகத்தின் எல்லா இடங்களிலும் கவிதையாகவில்லை. பல இடங்களில் அது போதனையாகவே நிற்கிறது. ஆனால் கட்டுண்டு நிற்கும் காட்சியிலும், நிலமும் வானும் விளிக்கப்படும் காட்சியிலும் அது தமிழ்க் கவிதையாகிவிட்டது. ஆழ்வார்களும் கம்பனும் ஒப்பாரி பாடிய பெண்களும் பண்படுத்திய நிலத்தில் விதைக்கப்பட்டதால்தான் அவ்வாறு ஆயிற்று. கிறித்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினைப் பற்றி இனி எழுதும் மாணவன், அச்சுப்பொறிக்கும் அகராதிக்கும் பின்னர், இரட்சணிய யாத்திரிகத்திலிருந்து ஒரு பாடலையேனும் படித்து, அதனை ஒரு பத்தியில் விளக்கட்டும். ஆசிரியர் அப்பத்திக்கும் புள்ளி வழங்கட்டும்.